பி பிரிவுக்குச் சொன்ன மீதி

போதகர் ஐயா இறந்துபோனதில் அவர் மனைவிக்கு இருந்த முதல் மனக்குறை, மனிதர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்பதுதான். அழுகையெல்லாம் அதற்கு அப்புறம். அந்த அழுகையும் வந்தபாடில்லை.

பேச்சைப் பாதியில் விடுவது அவருக்குப் புதிதல்ல. மெதடிஸ்ட் சபையில் போதகராவதற்கு முன்னால் அவர் பூகோள வாத்தியார். அவர்தான் வாத்தியார் வேலையை விட்டாரே தவிர, அந்த வேலை அவரை விடவில்லை. பிரசங்க மேடையில் ஏறியதும் கைக்கடிகாரத்தைக் கழற்றி வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைப்பார். கண்ணயர்ந்தவரை எழுப்பி, "கடைசியா நான் என்ன சொன்னேன்?" என்று கேட்பார். யாருக்காவது சந்தேகம் வந்தால் கையைத் தூக்க வேண்டும். ஒரு பீரியடு நேரம் ஆனதும், கப்பலிலிருந்து தூக்கி எறியப்பட்ட யோனா இன்னும் தண்ணீரைத் தொடாவிட்டாலும் சரி, கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, "பீரியடு முடிஞ்சது. மீதி அடுத்த வாரம்" என்று இறங்கிவிடுவார். யோனா ஒரு வாரம் அந்தரத்தில் தொங்குவார். 'பீரியடு ஐயா' என்று சபையார் அவருக்குப் பெயர் வைத்ததில் தப்பே சொல்ல முடியாது.

அவருக்கு இரண்டு ஆலயங்கள். மெதடிஸ்ட் சபையில் போதகர்களுக்குத் தட்டுப்பாடு எப்போதும் உண்டு. ஒருவரே பல ஆலயங்களை மேய்க்க வேண்டியதுதான். காலையில் பெரிய ஆலயம். அங்கே மின்விசிறிகள், பாடகர் குழு, வழவழப்பான பெஞ்சுகள் எல்லாம் உண்டு. மத்தியானம் ஊரின் அந்தக் கோடியில், லாரி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் சின்ன ஆலயம். அங்கே உட்கார்ந்தால் பெஞ்சு முனகும். போதகர் மனதுக்குள் முதலாவது ஏ பிரிவு, இரண்டாவது பி பிரிவு. இரண்டு பிரிவுக்கும் ஒரே பாடம் நடத்துகிற வாத்தியார்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. எந்தப் பிரிவில் எதுவரை சொன்னோம் என்பது மறந்துபோகும். காலையில் ஏ பிரிவில் விட்ட இடத்திலிருந்து மத்தியானம் பி பிரிவில் ஜம்மென்று தொடருவார். "ஆகவே" என்றுதான் அங்கே பிரசங்கம் ஆரம்பமாகும். எதனால் ஆகவே என்று அந்த ஜனங்களுக்குத் தெரியாது. வேதாகமக் கதையில் வருகிற கெட்ட குமாரன் எதற்காகப் பன்றிகளுடன் இருக்கிறான் என்று தெரியாமலேயே அவன் வீடு திரும்பியதற்குச் சந்தோஷப்பட்டவர்கள் அவர்கள். மெதடிஸ்ட் முறையே இப்படித்தான் போலிருக்கிறது என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். பெரிய ஆலயத்துக்காரர்கள் இரண்டு பஸ் மாறி அங்கே போய்ப் பார்த்ததில்லை, அதனால் இந்தக் கூத்து இவர்களுக்குத் தெரியவே தெரியாது.

போதகரம்மாவுக்கும் தெரியாது. மத்தியானத்தில் அவளுக்கு மருந்துக் கடை இருந்தது. படித்துப் பட்டம் வாங்கிய மருந்தாளர். வருகிறவர் "ரெண்டு நாளா..." என்று வாயைத் திறப்பதற்குள், "இருமலா, சளியோடவா, சும்மாவா?" என்று கேட்டு, பதில் வருவதற்கு முன்னால் பாட்டிலைக் கையில் கொடுத்துவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வீட்டிலும் அதே கைராசிதான். வாத்தியார் "ஆத்துல ஏன் மணல்..." என்று ஆரம்பித்தால், "அள்ளிட்டுப் போறான், அதான்" என்று முடித்துவைப்பாள். அவர் சொல்ல வந்தது வேறாக இருக்கும். போகட்டும் என்று அவரும் பாதி வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு காபி குடிப்பார்.

அப்படிப்பட்டவள் வாயைத் திறக்காமல் இருக்கிற ஒரே இடம் ஆலயத்தின் முன்வரிசை. ஆராதனை முடிந்து தெருவில் கால் வைத்ததும் மீதிக் கதையை அவரிடமிருந்து கறந்துவிடுவாள். அடுத்த வாரம்வரை பொறுக்கிற ஆள் இல்லை அவள். அவரும் பிகு பண்ணிக்கொண்டு, கெஞ்சவிட்டு, வீடு வந்து சேர்வதற்குள் சொல்லிவிடுவார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதை மாறிப்போனது. அன்றைக்குப் போதகர் மேடையிலிருந்து மனைவியை நேராகப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். பிறகு சபையாரிடம் சொன்னார்: "வாத்தியார் வேலையை விட்டுட்டு ஏன் போதகரானேன்னு எல்லாரும் கேக்குறீங்க. வகுப்புல உலகப் படத்துக்கு முன்னால நிக்கும்போது அழைப்பு வந்ததுன்னு சொல்லியிருக்கேன். அது பொய் இல்லை. ஆனா முழு உண்மையும் இல்லை. நிஜக் காரணம் வேற. இதோ முன்வரிசையில உக்காந்திருக்காங்களே, அவங்களுக்கே அது தெரியாது. நான் வாத்தியாரா இருந்தப்ப ஒரு ஞாயித்துக்கிழமை, வர வேண்டிய பிரசங்கியார் அட்டவணையைத் தப்பாப் பாத்துட்டு வேற ஆலயத்துக்குப் போயிட்டார். சும்மா உக்காந்திருந்த என்னைப் புடிச்சு மேடையில ஏத்திட்டாங்க. நான் பாடம் நடத்துற மாதிரி நடத்தினேன். ஆராதனை முடிஞ்சு வெளியில வந்தோம்..." இந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். பீரியடு முடிந்துவிட்டது.

போதகரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாத ஒரு காரணம், அதைச் சபைக்கு முன்னால் பறைசாற்றுகிற கொழுப்பு, அதையும் பாதியில் விடுகிற திமிர். கேட்கவே கூடாது என்று முடிவு கட்டினாள். தானாக வந்து சொல்லட்டும். ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. அவர் சீட்டியடித்தபடி வீட்டைச் சுற்றி வந்தார். அவள் வானொலியைச் சத்தமாக வைத்தாள். வியாழக்கிழமை காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர், பாதிப் பொத்தானோடு நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் துக்கத்தை மட்டும் விசாரித்துவிட்டுப் போகவில்லை. கையைப் பிடித்துக்கொள்வார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், பிறகு மெதுவாக, "ஐயா உங்ககிட்ட மீதியைச் சொல்லியிருப்பாரே" என்பார்கள். இல்லை என்றால் ஒருவரும் நம்பவில்லை. "அம்மா எவ்வளவு அழுத்தம் பாருங்க" என்று வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்லிக்கொண்டார்கள்.

அவளிடமிருந்து கிடைக்காததை அவர்களே தயாரித்துக்கொண்டார்கள். லாட்டரியில் பரிசு விழுந்து அதை மறைத்தார் என்றார் ஒருவர். தலைமை ஆசிரியரை அறைந்துவிட்டார் என்றார் இன்னொருவர். பாடகர் குழுப் பெண்கள்தான் ஊசியைச் சரியான இடத்தில் ஏற்றினார்கள். "பக்கத்து வகுப்புல ஒரு பாட்டு டீச்சர் இருந்தாங்களாமே" என்று அவள் காதில் விழும்படி பேசிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் போதகரம்மா பழைய பள்ளிக்கூடக் குழுப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். பாட்டு டீச்சர் இரண்டாவது வரிசையில் இருந்தாள். லட்சணமாகத்தான் இருந்தாள், பாவி. வாத்தியார் அவளுக்குப் பக்கத்தில் இல்லை, ஒரு ஆள் தள்ளி நின்றார். வேண்டுமென்றே தள்ளி நிற்கிறாரா, இடம் கிடைக்காமல் தள்ளி நிற்கிறாரா என்று படத்தில் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனிதரைப் பற்றி இந்த வயதில் இப்படி யோசிக்க வைத்துவிட்டாரே என்று ஆத்திரமாக வந்தது. கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அழ வேண்டும் போல இருக்கும், ஆனால் யாருக்காக அழுகிறோம் என்று தெரியாமல் எப்படி அழுவது?

நினைவு ஆராதனை பெரிய ஆலயத்தில் நடந்தது. ஏற்பாடெல்லாம் ஆலயச் செயலர். வாழ்க்கையில் ஒரு கூட்டத்தையும் நேரத்துக்கு முடித்திராதவர். முன்வரிசையில் போதகரம்மா, பக்கத்தில் நாத்தனார். கடைசி இரண்டு பெஞ்சுகளில் சின்ன ஆலயத்து ஜனங்கள் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வழவழப்பான பெஞ்சு பழக்கமில்லாததால் அவ்வப்போது வழுக்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் சபையின் மாவட்டத் தலைவர் பேசினார். போதகர் சாந்தமே உருவானவர், குரலை உயர்த்தாதவர் என்றார். வகுப்பறையிலிருந்து அவர் கத்தினால் தெருமுனையில் சைக்கிள்காரன் பிரேக் பிடிப்பான் என்பது போதகரம்மாவுக்குத் தெரியும். நாக்கு துறுதுறுத்தது. ஆலயமாயிற்றே என்று அடக்கிக்கொண்டாள்.

அடுத்து ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அந்த நிஜக் காரணம் எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தார். கூட்டம் நிமிர்ந்தது. "அது நான்தான். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை எப்பவும் அவருக்கே போடுவேன். மனுஷன் நொந்துபோய் ஆண்டவர்கிட்ட ஓடிட்டார். அந்த வகையில சபைக்கு ஒரு போதகரைக் குடுத்த பெருமை எனக்கு உண்டு." பெருமையோடு போய் உட்கார்ந்தார்.

நாத்தனார் எழுந்து, அண்ணன் சின்ன வயசிலேயே எறும்பைக்கூட மிதிக்க மாட்டார், பிறவியிலேயே போதகர் என்றாள். எறும்பு விஷயத்தில் வீட்டில் எத்தனை மருந்துப் பொடி தீர்ந்தது என்று போதகரம்மா சொல்லியிருக்கலாம். உட்கார்ந்ததும் நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள்: "நல்லாப் பேசினேனா அண்ணி?"

"நல்லாத்தான் பேசின. யாரைப் பத்தின்னுதான் தெரியல."

கடைசியாகச் செயலர் எழுந்து, கடைசி ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை, வராதவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று, விட்ட இடம்வரை ஒப்பித்தார். "ஆராதனை முடிஞ்சு வெளியில வந்தோம் என்றார் ஐயா. அத்தோடு நின்றுவிட்டது. அந்த மீதியை இனி நாம் பரலோகத்தில்தான் கேட்க முடியும்" என்று குரலைத் தழுதழுக்க விட்டார். பாடகர் குழுவில் ஒருத்தி இன்னொருத்தியை இடித்தாள். போதகரம்மாவுக்குக் காது சுட்டது.

அப்போது கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. பி பிரிவுக்கும் அதே பழக்கம்தானே. தூக்கியவர் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். ஆயுசு முழுக்க அவசர மணிக்கு ஓடியதாலோ என்னவோ, பேச்சில் மட்டும் அவருக்கு அவசரமே கிடையாது.

"ஐயா," என்றார் செயலரிடம், "நீங்க இப்ப சொன்னீங்களே முதல் பாதி, அதை நாங்க இன்னிக்குத்தான் கேக்குறோம்."

"சரி."

"எங்களுக்கு எப்பவும் மீதிதான். அன்னிக்கு மத்தியானமும் மீதியைத்தான் சொன்னாரு."

ஆலயம் மொத்தமும் பின்பக்கம் திரும்பியது. போதகரம்மா மட்டும் திரும்பவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். எந்தப் பெயர் வரப்போகிறதோ.

செயலர் மைக்கை நீட்டினார். பெரியவர் நடந்து வந்து வாங்கி, அதைத் தட்டிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, பிறகு பேசினார்.

"ஆகவே, வெளியில வந்ததும் அவ என்கூடப் பேசவே இல்லன்னாரு ஐயா. அவன்னா யாருன்னு நாங்க கேட்டுக்கல. எங்களுக்கு அது பழக்கமில்ல. பேச்சு போற போக்கைப் பாத்துத்தான் அம்மாவைத்தான் சொல்றாருன்னு புரிஞ்சுக்கிட்டோம். பஸ் ஸ்டாப் வந்துச்சு, பேசல. பஸ் வந்துச்சு, ஏறினோம், பேசல. எனக்குப் பயம் புடிச்சுக்கிச்சுன்னாரு. ஏன்னா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ என்னை ஒரு வாக்கியத்தக்கூட முழுசா முடிக்க விட்டதில்ல. நான் நைல் நதின்னு ஆரம்பிச்சா அவளே கொண்டுபோய்க் கடல்ல சேத்துடுவா."

சிரிப்பு எழுந்தது. போதகரம்மாவைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

"அன்னிக்குத்தான் முதல் தடவையா நான் பேசி முடிக்கிற வரைக்கும் அவ வாயைத் திறக்காம உக்காந்திருந்தா. முடிக்கிற வரைக்கும் எங்க, நான்தான் முடிக்கவே இல்லையே, பீரியடு ஆயிடுச்சுன்னு நடுவுலயே எறங்கிட்டேனே. அதனால கோவம் போலன்னு நெனச்சேன். கண்டக்டர் டிக்கெட் குடுத்துட்டு அந்தப் பக்கம் போனதும், என் சட்டைக் கையைப் புடிச்சு இழுத்தா..."

பெரியவர் நிறுத்தினார். பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஒரு பக்கம் துடைத்தார். இன்னொரு பக்கத்துக்கு ஊதினார்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

கேட்டது போதகரம்மா. முன்வரிசையில் உட்கார்ந்து இத்தனை வருஷத்தில் சபை கேட்க அவள் பேசிய முதல் பேச்சு. கேட்டதே அவளுக்குத் தெரியாது. நாத்தனார் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"அதேதாம்மா," என்றார். "அதைத்தான் அன்னிக்குப் பஸ்ல கேட்டீங்களாம். இந்த மூணு வார்த்தைக்காகத்தான் வாத்தியார் வேலைய விட்டேன்னாரு ஐயா. ஆண்டவர் கூப்பிட்டது நிஜம், ஆனா அவர் இவ குரல்லதான் கூப்பிட்டாருன்னாரு. பிரசங்கத்தை முழுசா முடிச்சா வீட்டுக்குப் போற வழியில பால் வாங்கணும், பருப்பு வாங்கணும்னு பேச்சு மாறிடுதாம். பாதியில விட்டாத்தான் கேக்குறாங்களாம். அதான் ஒவ்வொரு வாரமும் விடுறேன், கடிகாரமெல்லாம் சும்மான்னாரு."

ஏ பிரிவு வாயைப் பிளந்தது. வருஷக்கணக்காக யோனாவை அந்தரத்தில் தொங்கவிட்டது ஒரு பெண்டாட்டியைப் பேசவைக்கத்தானா என்று மூத்த அங்கத்தினர் ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டது. பாடகர் குழுப் பெண்கள் பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடினார்கள்.

போதகரம்மா எழுந்து நின்றாள்.

"இந்தத் தடவை நான் கேக்கல," என்றாள். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுவரை கேட்டது. "ஞாயித்துக்கிழமையிலேர்ந்து நான் கேக்கவே இல்ல."

"தெரியும்மா."

"எப்படித் தெரியும்?"

"புதன்கிழமை சாயங்காலம் ஜெபக் கூட்டத்துல நாங்க விசாரிச்சோமே. அம்மா கேட்டாச்சா ஐயான்னு. இன்னும் இல்லன்னாரு. மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா, ரேடியோவ அலற விடுறா, ஆனா நான் எந்த ரூம்ல இருந்தாலும் அங்க வந்து எதையாவது தேடுற மாதிரி நிக்கிறான்னாரு. சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. கல்யாணத்துக்கு அப்புறம் இவ்வளவு சந்தோஷமா ஒரு வாரம் போனதில்லன்னாரு." பெரியவர் மாவட்டத் தலைவரை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார், மைக் தாழ்த்தவில்லை. "பந்தயம்கூடக் கட்டினாரு. சனிக்கிழமைக்குள்ள கேட்டுடுவான்னு ஐயா. பிடிவாதக்காரங்க, கேக்க மாட்டாங்கன்னு நாங்க. தோத்தவங்க டீ வாங்கித் தரணும்."

மெதடிஸ்ட்காரர்களுக்குப் பந்தயம் ஆகாது. மாவட்டத் தலைவர் தொண்டையைக் கனைத்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

"ஐயா தோத்துட்டாரும்மா," என்றார் பெரியவர். "அது எங்களுக்கு மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

"தோக்கல," என்றாள் போதகரம்மா.

சொல்லிவிட்டு மேற்கொண்டு சொல்ல முடியாமல் நின்றாள். இருமல் மருந்து கேட்டு வந்தவர்களையெல்லாம் அவசரப்படுத்தியவளுக்கு அன்றைக்கு ஒரு வாக்கியம் முடிய நேரம் பிடித்தது. யாரும் முடித்துவைக்கவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"நான் வெள்ளிக்கிழமை கேக்கறதா இருந்தேன்," என்றாள்.

கடைசி பெஞ்சில் யாரோ விசும்பினார்கள். தீயணைப்புப் பெரியவர் மைக்கைச் செயலர் கையில் கொடுத்துவிட்டு, அவள் சொன்னதை நிதானமாக யோசித்துப் பார்த்தார். பிறகு, "அப்படின்னா டீ நாங்கதாம்மா வாங்கித் தரணும்," என்றார்.

"வாங்கிக் குடுங்க. அவர் பங்கையும் நானே குடிக்கிறேன்."

செயலர் அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொன்னார். சபை எழுந்து பாடத் தொடங்கியது. போதகரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு நடுவழியாகப் பின்னால் நடந்து போனாள். சின்ன ஆலயத்து ஜனங்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, பாட்டின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், "கிழவனுக்கு எவ்வளவு கொழுப்பு" என்று திட்டித் திட்டி, வாய்விட்டு அழுதாள்.